இருபது மணி நேரப் பதிவு

தனுஜா, எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் அனுப்பிய கடைசி ஒலிப்பதிவை முழுவதும் கேட்டு எழுதிவிட்டேன். இருபது மணி நேரம். கணினிக்குத் தோட்டத்துப் பேச்சு பிடிபடவில்லை, நீங்களே கேளுங்கள் புனிதன் என்று சொல்லியிருந்தீர்கள். கேட்டேன். அன்றிலிருந்து கோலா சிலாங்கூரில் என் வீட்டுக் கதவை நான் சாத்துவதே இல்லை. பயமாக இருக்கிறது.

இராஜம்மாவை நம் ஆய்வுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். உலகமெங்கும் உள்ள தோட்டத் தொழிலாளர்களின் குரல்களை ஒரே வரைபடத்தில் சேர்க்கிறோம் என்றதும், “என் பேச்ச வெளிநாட்டுல யாரு கேக்கப் போறா லா?” என்று சிரித்தார். முதல் நாளே தன் தங்கை குமுதாவைப் பற்றிச் சொன்னார். எதிர்த்துப் பேசினாள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சிவானந்தம் அவளை ரப்பருக்குப் புகைபோடும் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். விடிந்து திறந்தபோது உயிர் இல்லை.

சிவானந்தம் என் அப்பா. சபாக் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் அவர் பெயரைத்தான் பொறித்திருக்கிறார்கள். இராஜம்மாவுக்கு நான் யார் மகன் என்று தெரியாது என்றே நினைத்தேன். பதிவை அழித்தேன். கருவியில் கோளாறு என்றேன், நீங்களும் நம்பினீர்கள். ஆனால் அடுத்த மாதம் மூன்று நாட்டு ஆய்வாளர்கள் அவரை நேரில் கேட்க வருவதாக இருந்தது. அவர்கள் காதில் விழுவதை அழிக்க முடியாதே.

வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும், இடத்தைக் காட்டுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் இப்போது செம்பனை மரங்கள் நிற்கும் அந்தப் பழைய தோட்டத்துக்குள் நடந்து போனோம். கொட்டகை இன்னும் நிற்கிறது. “இங்கதான் தம்பி” என்று அவராகவே உள்ளே போனார். நான் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். கையைக்கூட ஓங்கவில்லை. மறுநாள் காலையில் போய்த் திறக்கத்தான் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தனியாக வாழ்ந்தவர், உடனே தேட ஆளில்லை. மூன்றாம் நாள் கண்டெடுத்தவர்கள், கிழவி வழிதவறி உள்ளே போயிருப்பாள், காற்றில் கொண்டி விழுந்திருக்கும் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

கோளாறு என்று நான் சொன்னதால்தான் நீங்கள் அந்தப் புதிய கருவியைக் கொடுத்தீர்கள். அதில் பதிவாகும் ஒலி அப்போதைக்கப்போதே மூன்று நாட்டுச் சேமிப்பகங்களுக்கும் தானாகப் போய்விடும். புறப்படும்போது சேலையில் குத்திவிட வேண்டும், வீடு திரும்பும்வரை கழற்றக் கூடாது என்பது நம் விதி. விதியை மீறிப் பழக்கமில்லாத நான் அன்றும் இராஜம்மாவின் சேலையில் குத்திவிட்டேன். பதற்றத்தில் அதை மறந்தே போனேன்.

கதவு தட்டும் சத்தத்தையெல்லாம் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது மணி நேரத்தில் ஒரு வரியை மட்டும் ‘தெளிவில்லை’ என்று குறித்தேன். அது பொய். மறுநாள் காலை எட்டு மணி. மழை இல்லை, பறவைச் சத்தம்தான் கேட்கிறது. தட்டுவதை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் சொல்கிறார்:

“ஒங்கப்பாவாச்சும் விடிஞ்சதும் வந்து தெறந்தாரு, தம்பி.”