செய்தி எண் 413

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடம் சித்திரை மாதம் ஒரு சுபயோக சுபதினத்தில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே உள்ள எங்கள் காகித ஆலையில் கம்ப்யூட்டர் எழுந்தருளியது. ஜெனரல் மேனேஜர் தேங்காய் உடைத்தார். ஆலையின் முதல் ஏர்கண்டிஷனர் அதற்குத்தான் வந்தது. வெயில் அடித்தவரை அவர் தினமும் அதைப் பார்வையிட்டார். மழை பிடித்ததும் விட்டுவிட்டார்.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார். ஐம்பத்திரண்டு படி ஏறி வந்திருக்கிறீர்கள். குப்பண்ணன் செத்த கேஸை முடிக்க என் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதானே? போட்டுவிடலாம். அபாய மணிக்குப் போகும் கம்பியை எலி கடித்திருக்கக்கூடும் என்று விசாரணைக் கமிட்டி எழுதியிருக்கிறது. எனக்கு அந்த எலியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் வேலை சுலபமானது. ஆலையில் எங்கே எது நின்றாலும், சூடேறினாலும், அடைத்துக்கொண்டாலும் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி வரும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் நேராக நான் ஓர் எண் போட வேண்டும். ஒன்று போட்டால் அந்த இடத்தில் மணி அடிக்கும், செய்தி டேட்டாபேஸிலும் பதிவாகும். இரண்டு போட்டால் மணி கிடையாது, பதிவு மட்டும். மூன்று போட்டால் செய்தி அப்படியே காற்றோடு போய்விடும். மூன்றை நான் எதற்கும் போட்டதில்லை. அந்த விஷயத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் இருந்தது. நாள் முழுக்க மணி அடித்ததில் ஆட்கள் மணிக்குள் பழந்துணியைத் திணித்தார்கள். குறைக்கச் சொன்னார் மேனேஜர். குறைத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். மணி அடித்தால் ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அடிக்காவிட்டால் என்ன ஏது என்று கேட்க மேலே வருகிறார்கள்.

நான் மலைமேல் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் பிறந்தவன். அங்கே முதல் வீட்டில் தும்மினால் பத்தாம் வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். இந்த அறையில் இரண்டு கதவு, இரட்டைக் கண்ணாடி. தும்மக் கூடாது, மெஷினுக்கு ஆகாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? கேண்டீனில் நான் போய் உட்கார்ந்தால், “மலைக்காரரு வந்துட்டாருங்கொ, தள்ளி உக்காருங்க” என்று மரியாதையாக இடம் விடுவார்கள். நிறைய இடம் விடுவார்கள்.

ஆகவே நிறைய செய்திகளுக்கு இரண்டு போட்டேன்.

குப்பண்ணன் கூழ்க்குழிக்காரர். பேப்பர் மெஷினுக்குக் கீழே கூழ் வடிந்து புளித்துக் கிடக்கும் குழி அது. தினமும் இரண்டரை மணிக்கு இறங்கிச் சல்லடையைக் கழுவ வேண்டும். ஒரு விசிறி ஓயாமல் உள்ளே காற்றை மாற்றிக்கொண்டிருக்கும். அது நின்றால் பத்து நிமிடத்தில் விஷவாயு சேர்ந்துவிடும். மெஷின் போடும் சத்தத்தில் விசிறி ஓடுகிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. விசிறி நின்றால் அடிக்கும் மணிக்கும் நான் இரண்டு போட்டு, ஒரு சர்க்குலர் தயாரித்தேன்: குழியில் இறங்குமுன் கம்ப்யூட்டர் அறைக்கு நேரில் வந்து விசிறியின் நிலையறிந்து நோட்டில் கையெழுத்திட வேண்டியது. மேனேஜர் ‘கட்டாயமாக’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

குப்பண்ணன் வந்தார். கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

“ஏனுங் குருசாமி சார், நம்ம காத்தாடி சுத்துதுங்ளா?”

“சுத்துதுண்ணே. உள்ள வாங்க, காப்பி இருக்கு.”

“கால் பூரா கூழுங்க. உங்க மெசினு கோவிச்சுக்கும்.”

“அதுக்கு மூக்கு கிடையாதுண்ணே.”

“குடுத்து வெச்சதுங்க. எங்கூட்டுக்காரிக்கு இருக்குது. வாசல்லயே நிக்க வெச்சு ரெண்டு கொடம் ஊத்தித்தான் உள்ள உடறா.”

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவார். எருமை கன்று போட்டது, மனைவி கமலாத்தாளுக்கும் அவள் தங்கைக்கும் பேச்சு நின்றது, மறுபடி பேசிக்கொண்டது எல்லாம் அந்த நேரத்தில் வரும். மொத்தம் ஒன்பது நிமிடம் இருப்பார். டேட்டாபேஸில் புதிதாக ஒரு செய்தி சேர்த்தேன். எண் நானூற்றுப் பதிமூன்று: ‘குப்பண்ணன் வந்தார்’. அவர் போனதும் பதிவு செய்வேன். எழுபத்தொரு முறை பதிவாகியிருக்கிறது. வேண்டுமானால் அச்செடுத்துத் தருகிறேன்.

பிறகு யூனியன்காரர் ஏசுரத்தினம் இதில் நுழைந்தார். “முட்டி தேஞ்ச மனுசன், காத்தாடி சுத்துதான்னு கேக்க அம்பத்திரண்டு படி ஏறோணுமா? மேல என்ன, பழனியாண்டவரா உக்காந்திருக்கறாரு?” என்று கேட் மீட்டிங்கில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் குழி விசிறிக்கு மறுபடி ஒன்று போடச் சொல்லி உத்தரவு வந்தது. மணி அடித்தால் இறங்காதே, அடிக்காவிட்டால் இறங்கு என்று விதியை மாற்றி எழுதினேன்.

குப்பண்ணன் கடைசியாக ஒருமுறை வந்தார். “இனி உங்குளுக்குத் தொந்தரவில்லீங் சார்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இருபத்து மூன்று நாள் அவர் வரவில்லை. கேண்டீனில் பார்த்தபோது, “மலைக்காரரே, சௌக்கியமுங்ளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தன் ஆட்களோடு போய் உட்கார்ந்தார். மறுநாள் புதன்கிழமை. காலையில் ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். ஒரு விசையைத் தட்டுகிற வேலை.

மணியே அடிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் மேலே வருவார் என்பது என் கணக்கு. அடிக்காத மணியைக் கேட்டு யாருக்காவது சந்தேகம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிக்காவிட்டால் இறங்கு என்ற விதியை எழுதியவனே நான்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பதினாறுக்கு என் முன்னால் இருந்த, கம்ப்யூட்டரோடு இணைத்த டைப்ரைட்டர் தானாக அடித்தது: ‘குழி விசிறி நின்றது.’ தெளிவான எழுத்து. டேட்டாபேஸிலும் அதே நேரம் பதிவாயிற்று. இன்றைக்கு நிச்சயம் வருவார் என்று எனக்குத் தோன்றியது. பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றினேன். படியில் காலடி கேட்கட்டும் என்று இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். குளிர் வெளியே போகும், விதிப்படி தப்பு. இரண்டரை ஆயிற்று. காலடி கேட்கவில்லை. முட்டி வலி, மெதுவாகத்தான் ஏறுவார் என்று இருந்தேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே கூச்சல் கேட்டது. அவரைத் தூக்க இறங்கிய செங்கோட்டையனும் உள்ளேயே விழுந்துவிட்டானாம். அவனோடு எனக்குப் பழக்கமில்லை.

மூன்று பத்துக்கு இரண்டை அழித்து ஒன்று போட்டேன். அந்த மாற்றமும் பதிவாகியிருக்கிறது. எதையும் நான் மறைக்கவில்லை. கமிட்டியோடு வந்த நிபுணர், விசிறி நின்ற நேரம் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்த ஆலையை இந்தியாவிலேயே பார்த்ததில்லை என்றார். மேனேஜர் என் கையைக் குலுக்கினார். நேரத்துக்கு நேரே இருந்த எண் ஏன் இரண்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் மேலே ஏறி வரவே இல்லை, சார். மெஷினிலிருந்து எடுத்த தாளைக் கீழே கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினார்கள். நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள். அரை மணி நேரமாக இருக்கிறீர்கள்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் வரவில்லை, அதனால் மெஷின் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? இந்த டெலிபோனா? குழி வாசலுக்கு நேர் லைன். அன்றைக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது.