மூன்றாம் நம்பர் குப்பி

நான் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. நீங்கள் போட்டே கொடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை, குடித்துவிட்டேன். கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். தவளை முட்டைகளைக் கண்ணாடித் தட்டுகளில் பிரித்து வைப்பது, கரைசல் கலப்பது, நுண்ணோக்கியில் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. போன வருடம் ஒரு கம்பெனி, மின்சிகரெட்டில் ஊற்றும் திரவம் ஆறு குப்பி அனுப்பியது. எல்லாம் பழ வாசனை. எதிலும் நிகோடின் கிடையாது. முட்டைக்குள் வளரும் உயிரை அது கெடுக்குமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து குப்பிகளில் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் நம்பரில் வளர்ந்த தலைப்பிரட்டைகளுக்கு முகம் கூடவில்லை. வாய் நடுவில் பிளந்து முக்கோண ஓட்டையாக நின்றது. பாதிக்கு மேல் அப்படித்தான். மூன்று தடவை திரும்பச் செய்தேன். மூன்று தடவையும் அதே வாய்.

பேராசிரியரிடம் நோட்டைக் கொண்டுபோனேன்.

"தவளைக்கு வாய் கோணினா உலகமே கோணிடுமா? தட்டை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டே."

"மூணு தடவை பண்ணேன் சார்."

"கழுவுறதுதான் உன் வேலை. அதைப் பாரு. முடிவை நான் எழுதிக்கறேன்."

மாணவர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தன் சிரித்தான். அவர்கள் கண்ணெதிரே அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கூடையில் போட்டார். ஆறும் பாதுகாப்பானவை என்று அறிக்கை போனது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளைக் கழுவினேன். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் வந்தாள். ஆறு வயதில் என் மடியில் உட்கார்ந்து நுண்ணோக்கி பார்த்த பெண். கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து மின்சிகரெட்டை எடுத்தாள்.

"அக்கா, அஞ்சு வாரம் ஆச்சு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சிகரெட்டை விட்டுட்டேன், இதை மட்டும் விட முடியல. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

மனிதக் குழந்தைக்கு உதடு கூடுவது அதை அடுத்த சில வாரங்களில்தான். எனக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து அறிக்கையை எடுத்து அவள்முன் வைத்தேன்.

"உங்கப்பா என்ன எழுதியிருக்கார்னு நீயே படிச்சுப் பாரும்மா."

படித்ததும் அவள் முகம் தெளிந்தது. அலமாரியிலிருந்த குப்பிகளைக் காட்டிக் கேட்டாள்: "இதுல எதை எடுத்துக்கட்டும்?"

ஆறிலும் திரவம் மிச்சமிருந்தது. மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி நீட்டினேன்.

"இதை எடுத்துக்கோ."

தீரத் தீர வந்து வாங்கிப்போனாள். வாந்தி நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பேன். அக்கறையாகத்தான்.

ஆண் குழந்தை. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. இதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றாராம் மருத்துவர். இருக்கலாம். தைத்துச் சரிசெய்துவிடுவார்கள் என்றும் சொன்னாராம்.

மூன்றாம் நாள் பேராசிரியர் ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மூணாம் நம்பர்... நிஜமாவே மூணு தடவை பண்ணியா?"

"பண்ணேன் சார்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அத்தனை மாதத்தில் முதல்முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் யாருமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பொய் எழுதியது அவர். அந்தப் பெண்ணிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.