முதல் காட்சியன்று மத்தியானம்

நான் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு என் மகள் வெரோனிக்காவுக்கு மிகவும் பிடிக்கும். தாயில்லாத பிள்ளை, அதனால் ஜெர்மனியில் இந்த டுசல்டோர்ஃபுக்கு வந்த பிறகு நானே சமைக்கப் பழகினேன். நன்றாகவே சமைப்பேன், பொலிஸ் ஐயா. எங்களோடு மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவள் பாட்டுப் படித்தவள். இங்கே கால்பந்து உலகக்கிண்ணம் நடந்த கோடை முடிந்ததும் ஒரு ஜெர்மன் ஓப்பராவில் முதல் பெரிய வேடம் கிடைத்தது. முன்பு வெறும் மேடை நாடகமாக நடந்த கதை அது. பிறகு யாரோ இசையமைத்து வசனத்தையெல்லாம் பாட்டாக்கிவிட்டார்கள். நாடகமாக இருந்தபோதே என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். போருக்குத் தப்பி ஓடும் ஒரு குடும்பம். ஆற்றைக் கடக்கும்போது மகள் துப்பாக்கிச் சூடுபட்டு விழுகிறாள். தகப்பன் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறான்.

என் மனைவி தேவமலர் மன்னாரில் அப்படித்தான் விழுந்தாள். வெரோனிக்கா அப்போது கைக்குழந்தை, என் தோளில் இருந்தாள். நான் ஓடினேன்.

நாடகத்தில் அந்த மகள் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செத்துப்போவாள். ஓப்பராவில் அந்த வேடம் போடும் என் மகள் சாகுமுன் நெடுநேரம் பாட வேண்டும். வெரோனிக்கா அதை வீடெல்லாம் பாடிப் பழகினாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். இந்த வேடம் வேண்டாம் என்று பலமுறை கேட்டேன்.

"அப்பா, அது நடிப்பு. அம்மாவை நினைச்சுத்தான் பாடுறன். நீங்கள் முன்வரிசையில இருந்து கேளுங்கோ," என்றாள்.

அவளுக்குச் சிறுவயது முதலே கச்சான் ஒத்துக்கொள்ளாது. இந்தியாக்காரர் வேர்க்கடலை என்பார்களே, அது. தொண்டை வீங்கிவிடும். ஊசி போட்டால் அடங்கும், ஆனால் அன்று குரல் சரியாக வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். முதல் காட்சியன்று மத்தியானம் குழம்பில் கொஞ்சம் அரைத்துச் சேர்த்தேன். ருசியாக இருக்கிறது என்று இன்னும் போட்டுக்கொண்டாள். அவள் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசியை முன்னமே எடுத்து என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன்.

அவள் தொண்டையைப் பிடித்தபடி கைப்பையைத் தேடினாள். பேச முடியவில்லை. உடனே ஊசி போட்டால் மாலைக்குள் எழும்பி மேடைக்குப் போய்விடுவாள். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அதனால் பொறுத்தேன். என்னைப் பார்த்தாள். என் சட்டைப்பையையும் பார்த்தாள். நான் ஊசியைப் போட்டபோது கண்கள் செருகிவிட்டன.

ஆஸ்பத்திரியில், பிந்திவிட்டது என்றார்கள். வெளியில் எதையோ சாப்பிட்டிருப்பாள் என்று சொன்னேன். அது பொய். குழம்பில் போட்டதும் நான்தான், ஊசியை எடுத்து வைத்ததும் நான்தான்.

அன்று மாலை வேறொரு பெண் பாடினாளாம். மேடையில் செத்தவர்கள் கடைசியில் எழுந்துவந்து தலைவணங்குவார்கள் என்கிறீர்கள். தெரியும், ஐயா. ஆனால் மேடையில் அவள் விழுகிற நேரத்தில் அந்தத் தகப்பன் ஓடிக்கொண்டிருப்பான்.

வீட்டில் அவள் விழுந்தபோது நான் ஓடவில்லை. மடியில் ஏந்திக்கொண்டு கடைசிவரை கூடவே இருந்தேன்.