போர்கில்ட் மலையின் உயரம்

என் மனைவி போடும் காப்பிக்கு எங்கள் ஊரான துரோம்சோவில் நல்ல பெயர். ஆனால் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் தென்துருவ வரைபடத்தைப் பார்த்து வியந்த பிறகுதான் வந்தவர்கள் கைக்குக் கோப்பை போகும். அதில் ஒரு மூலையில் ‘போர்கில்ட் மலை’ என்று அச்சாகியிருக்கிறது. போர்கில்ட் அவள்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், காவல் அதிகாரி ஐயா.

மலையைக் கண்டவன் நான். அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த நில அளவையாளன் தன் மனைவி பெயரை ஒரு மலைக்குக் கேட்கலாம், இடங்களுக்குப் பெயர் சூட்டும் பெயர்க்குழு பெரும்பாலும் மறுக்காது. எங்கள் முகாம் சமையல்காரரின் மாமியாருக்குக்கூட அங்கே ஒரு பாறை உண்டு. மலை இருக்கும் இடத்தைக் குறிக்க, முறைப்படி இரண்டு இடங்களிலிருந்து அதன் கோணத்தை எடுக்க வேண்டும். முதல் கோணத்தை எடுத்தேன். பிறகு ஐந்து நாள் பனிப்புயல். இரண்டாவதைக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். மூன்று முகடுகளையும் கண்ணால் பார்த்தாயிற்று, வேறென்ன வேண்டும்?

மூன்று வருடம் கழித்து அதன் உயரத்தை அளக்க என்னையும் ஓடுனையும் அனுப்பினார்கள். ஓடுனுக்கு முப்பது வயது, வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். நாய்வண்டியில் இருபத்திரண்டு நாள் பயணம். போய்ச் சேர்ந்த இடத்தில் மலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளப் பனி.

ஓடுன் தொலைநோக்கியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்னண்ணே, அண்ணியக் காணோம்? கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

“நல்லாப் பாரு. மேகம் மறைச்சிருக்கும்.”

“ஆகாசம் கழுவி விட்ட மாதிரி இருக்கு. எந்த மேகம்ணே?”

நானும் சேர்ந்து சிரித்தேன். கூடாரத்தில் அவன் குறிப்பேட்டை எடுத்து ‘மலை இல்லை’ என்று எழுதினான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் அவனுக்கு.

“அத மட்டும் எழுதாம விட்டுடு தம்பி.”

“விளையாடாதீங்கண்ணே. நாளைக்கு எவனாவது இந்த மலைய நம்பி வழி தேடினா செத்துப் போவான்.”

நியாயமான பேச்சுதான். மனிதர்கள் சாகக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் காப்பி குடிக்க வந்த அத்தனை பேர் முன்னால் போர்கில்ட் அந்த வரைபடத்தைக் கழற்றுவதை நினைத்தேன்.

மறுநாள் திரும்பும் வழியில் பனிவெடிப்புகள் அதிகம். அங்கெல்லாம் இருவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்போம். மூட்டை மாதிரி உடை போட்டவனுக்குத் தன் இடுப்பு தெரியாது. அதனால் ஒருவன் முடிச்சை மற்றவன் போடுவது எங்கள் வழக்கம். ஓடுன் முன்னால் போனான். பனி உடைந்து உள்ளே விழுந்தான். கயிறு என் பக்கம் இழுக்கவே இல்லை.

அவன் குறிப்பேட்டில் மூன்று பக்கங்களைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். ஊர் திரும்பியதும் நானே பெயர்க்குழுவுக்கு எழுதி, அவன் பெயரில் ஒரு மலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கோணமும் சரியாக எடுத்த அசல் மலை. போர்கில்டுக்குத்தான் மனத்தாங்கல்.

“நம்ம மலையவிட அது ஒசரமா இருக்கே?” என்றாள்.

போன மாதம் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. வரைபட அலுவலகத்தில் ஒரு பெண் என் கண் முன்னாலேயே போர்கில்ட் மலையை ரப்பரால் அழித்தாள்.

“வருத்தப்படாதீங்க சார். குளிர்காத்து எங்கேயோ இருக்கிற மலையத் தூக்கிக் கிட்டத்துல காட்டும். இந்த வருஷம் இது ஏழாவது. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓடுன் மேல் கோபம் தாங்கவில்லை. அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன். படித்தவன், அவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? சிரித்த சிரிப்புக்கு நடுவே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் அவன் முடிச்சை நான் ஒழுங்காகப் போட்டிருப்பேன்.