முத்திரை உடையாத பை

இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் உட்கார எனக்கு இன்னும் பழகவில்லை, ஐயா. சிறையில் பத்தொன்பது வருஷமாக உடைமை அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். உள்ளே வருகிறவர்கள் கழற்றிக் கொடுப்பதையெல்லாம் பட்டியல் எழுதி, துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைப்பேன்.

அந்தத் தையல்காரர் வெறும் விசாரணைக் கைதி. வந்த அன்றே பட்டியலை வரிவரியாகப் படித்தார். அப்படி யாரும் படிப்பதில்லை. “அண்ணே, என் வாட்ச் இதுல இல்லியே?” என்றார். வாட்ச் என் மேஜை இழுப்பறைக்குள் போயிருந்தது. எப்படிப் போனது என்பது இங்கே பேச்சில்லை.

“அண்ணன் மணி பாக்க எடுத்திருப்பாரு” என்றான் ஒரு காவலன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாட்சைப் பட்டியலில் சேர்த்தேன். கூடவே, அவர் சட்டைப்பையில் இருந்த ஆஸ்துமா பஃப்பையும் சேர்த்தேன். வழக்கமாக மருந்தை அவரவர் கையிலேயே விட்டுவிடுவோம். ஆனால் பட்டியல் என்றால் எல்லாம்தானே.

மூன்றாம் நாள் மதியம் கைதிகள் சாப்பாட்டுத் தட்டுகளால் கம்பியைத் தட்டினார்கள். அதே காவலன் ஓடிவந்தான்.

“அண்ணே, அந்த பஃப்பக் குடுங்க. ஆளுக்கு மூச்சே வரல.”

“முத்திரைய உடைக்க ஜெயிலர் கையெழுத்து வேணும்பா. இரு, நானே வாங்கிட்டு வரேன்.”

ஜெயிலர் தங்கமான மனுஷர். சாப்பாட்டில் பாதியில் எழுந்து, கை கழுவி, கையெழுத்துப் போட்டு, “ஓடு, ஓடு” என்று என்னை விரட்டினார். ஒன்று பத்து என்று சீட்டில் நேரமும் போட்டார்.

நான் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டேன். அங்கே தட்டுச் சத்தம் நன்றாகக் கேட்கும். முதலில் எல்லாத் தட்டும் கேட்டது. பிறகு இரண்டு மூன்று. பிறகு யாரோ அழுதார்கள். எல்லாம் அடங்கியதும் இறங்கினேன். சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

‘நாட்பட்ட ஆஸ்துமா, இயற்கை மரணம்’ என்று டாக்டர் எழுதினார். பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் தையல்காரரின் சம்சாரம் வந்தார். அவர் எதிரிலேயே முத்திரையை உடைத்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பெல்ட், அளவு நாடா, வாட்ச். அந்த அம்மா பஃப்பை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

“நிறைய இருக்கேங்க” என்றார்.

“ஆமாம்மா. நாங்க தொடவே இல்ல” என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கப் பேனாவை இரண்டு தரம் நீட்ட வேண்டியிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பஃப் கிடைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பையில் ஒரு பொருள்கூடக் குறையவில்லை. என்னைத் திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.