சிவப்பு பட்டன்

— சரே, தையல் வாணாம், பியூட்டி பார்லர் வாணாம். இந்த ரிலீஸ் மனுல கையெழுத்தாச்சும் போடுங்க கமலம்மா. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஜெயில்லேர்ந்து வீட்டுக்குப் போயிடலாம்.

— அது கெடக்கட்டும் சுமித்ரா மேடம். மோட்டார் ரிப்பேர் கிளாஸுக்கு எம்பேர எழுதுங்க.

— அது ஆம்பளைங்க பிளாக்குல நடக்கற கிளாஸ்.

— பொம்பளைங்களுக்கு இன்னா வேணும்னு அவங்களயே கேட்டு நடத்துற ஸ்கீம்னு நீங்க தான சொன்னீங்க? கேட்டீங்க, சொல்லிட்டேன்.

— சரே, நல்லா மடக்குறீங்க. வெளிய போயி கடை போடப் போறீங்களா? வரதய்யபாளையத்துல பொம்பளகிட்ட யாரு மோட்டார குடுப்பாங்க?

— கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்டார்ட்டர் பொட்டிய பிரிச்சி உள்ள பாக்கணும்.

— ஸ்டார்ட்டரா? உங்க வீட்டுக்காரரு…

— ஆமா. கெணத்துல எறங்கி ஒயரு மாத்திக்கினு இருந்தாரு. "கமலா, ஆஃப் பண்ணு"ன்னு கத்துனாரு. ஸ்டார்ட்டர்ல செவப்பு பட்டன அமுக்குனேன். ஒயர தொட்டாரு, போயிட்டாரு.

— கேஸ் ஃபைல்ல வேற மாதிரி இருக்குதே.

— அதுக்கு மொத நாளு அவரு என்னிய அடிச்சதுல பல்லு போச்சு மேடம். அந்தக் கோவத்துல அமுக்காம நின்னேன்னாங்க. "அமுக்கியிருந்தா கரண்ட் எப்படி வரும்?"னு சர்க்கார் வக்கீல் கேட்டாரு. எனக்கு பதில் தெரியல.

— அமுக்குனீங்க தான?

— அமுக்குன மாதிரி தான் ஞாபகம். ஆனா ஒம்போது வருஷமா ஊரே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தா, எங்கையி மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. கோவம் இருந்தது நெசம் மேடம். அத நான் மறைக்கல.

— அய்யோ…

— அமுக்குன பின்னாடியும் உள்ள ஏதாச்சும் ஒட்டிக்கினு கரண்ட் போவுமா? அது தெரியணும் எனக்கு.

— இருங்க, மோட்டார் கிளாஸ் எடுக்கற திருப்பதி மாஸ்டருக்கு இப்பவே போன் போடறேன். ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு.

— வாணாம். அவரு மனசெறங்கி ஒரு வார்த்த சொல்லிடுவாரு. நானே பிரிச்சிப் பாக்கணும்.

— சரே. எழுதிட்டேன், பாருங்க. மொதல் பேரே உங்களுது தான். சூப்பரிண்டென்ட் கிட்ட நான் பேசிக்கறேன்.

— நல்லாருப்பீங்க மேடம்.

— ஒருவேள, செவப்ப அமுக்குனா கரண்ட் நின்னே தீரும்னு தெரிஞ்சிட்டா?

— அந்த ரிலீஸ் மனுவ கிழிச்சிப் போட்டுடுங்க மேடம்.