வாசலை வாங்கித் தந்த வட்டி

நீராவிக்கு முன்னால் நின்றே தலை நரைத்தவரும், இன்று தலைமை நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் மட்டும் உட்கார்ந்திருப்பவருமான எங்கள் கொதிகலன் அண்ணன் அவர்களே! நாங்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க, முகம் சுளிக்காமல் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போன வங்கி மேலாளர் அம்மையார் அவர்களே! ஈரத்துணியின் கனத்தைத் தோளில் தாங்கி, இந்தச் சலவைக்கூடத்தைத் தலைநிமிர வைத்த பெரியவர்களே! துவைத்துச் சிவந்த கைகளுக்கும், பிழிந்து காய்த்த கைகளுக்கும், மடித்து மரத்துப்போன கைகளுக்கும் சொந்தக்காரிகளான தாய்மார்களே! முன்வரிசையில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து, இப்போதும் ஏதோ ஒரு வழக்கைக் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் அருமைச் சம்பந்திகளே! அனைவருக்கும் மடிப்பு மேசைக்காரியின் மனம் நிறைந்த வணக்கம்.

அடக்கமாகப் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அடக்கத்தை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இன்று பெருமைப்படப் போகிறேன். ஊரார் படுக்கை விரிப்பை வெளுத்த கைகள், இன்று ஒரு கட்டடத்தின் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கின்றன. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

எப்படி வந்தது இந்தக் கட்டடம்? பரிசுச் சீட்டு விழுந்ததா? புதையல் கிடைத்ததா? பெயர் தெரியாத பெரியப்பா எவராவது எழுதி வைத்துவிட்டுப் போனாரா? இல்லை! சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எங்கே வைப்பது, எத்தனை காலம் வைப்பது என்று உட்கார்ந்து சண்டை போட்டதால் வந்தது. ஆமாம், சண்டைதான். அங்கே பின்னால் சிரிக்கிறவர்கள் அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தக் கூடத்தின் பழைய சொந்தக்காரர், நாங்கள் முதலாளியம்மா என்று அழைக்கும் அந்த நல்ல மனுஷி, சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாக்குக் கொடுத்தார். என்றைக்கு விற்றாலும் முதலில் உங்களிடம்தான் கேட்பேன், கேட்ட பத்து நாளில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வைத்தால் போதும், மீதிக்கு வங்கிக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வைக்க முடியாவிட்டால்? அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுவார். அடுத்து வருகிறவர் சலவைக்கூடமா நடத்துவார்? கிடங்கு கட்டுவார், கார் நிறுத்துவார். நாம் துணியையும் தூக்கிக்கொண்டு பிழைப்பையும் தேடிக்கொண்டு தெருத்தெருவாக நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்க ஆரம்பித்தோம்.

ஒதுக்கிய பணம் எங்கே கிடந்தது? சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. கிடந்தது என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். இருக்கிறதிலேயே குறைந்த வட்டியில், குளிர்காலத்துக் கம்பளி கோடையில் கிடப்பதுபோல் கிடந்தது. கட்டடத்தின் விலையோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது.

அப்படிக் கிடக்க வைத்தவர் யார்? இதோ, எங்கள் நூல் அக்கா! எழுந்திருக்க வேண்டாம் அக்கா, எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த விருந்தினர்களுக்காக எங்கள் கூடத்துச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மூட்டை வாசலில் இறங்கினால் அதன் கழுத்தில் அக்கா ஒரு நூல் கட்டுவார். இன்றே திரும்ப வேண்டிய ஆஸ்பத்திரி விரிப்புக்குச் சிவப்பு. இந்த வாரத்துக்குள் போக வேண்டியதற்கு மஞ்சள். அடுத்த மாதம் வரை பொறுக்கும் திரைச்சீலைக்கு வெள்ளை. எப்போது வேண்டும் என்று தெரியாத மூட்டை வந்தால்? சிவப்பேதான்! தேதி கேட்காமல் வாங்கியது நம் தப்பு, ஆகவே அவசரமும் நம் தலையில். இந்தச் சட்டத்தை மீறி இங்கே ஒரு கைக்குட்டைகூட வெளியே போனதில்லை.

அந்தச் சட்டத்தையே அக்கா பணத்துக்கும் போட்டுவிட்டார். முதலாளியம்மா என்றைக்குக் கேட்பார் என்று தேதி தெரியாது. தேதி தெரியாத மூட்டைக்குச் சிவப்பு. ஆகவே அத்தனை பணமும் நினைத்த நேரத்தில் எடுக்கிற கணக்கில்! வேறு எந்தத் தொழில்காரருக்காவது இப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றுமா? நமக்குத்தான் தோன்றும்.

இந்தப் பக்கம் அக்கா என்றால் அந்தப் பக்கம் யார்? அக்காவின் சம்பந்தி! அக்காவின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொண்டவர், நம் வேன் ஓட்டுநர், வட்டி மாமா! எந்த வங்கி எத்தனை சதவீதம் தருகிறது என்பதைப் போகிற வழியில் பலகை பார்த்தே மனப்பாடம் செய்கிறவர். மொத்தப் பணத்தையும் ஒரு வருட வைப்பில் போட்டுப் பூட்டினால்தான் உண்டு என்றார் மாமா. பூட்டிய பிறகு முதலாளியம்மா கேட்டால் சாவிக்கு எங்கே போவது என்றார் அக்கா. சத்தம் ஏறியது, சம்பந்தம் ஆடியது. அதிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சே இல்லை. மாமா சொல்வதை மருமகள் அக்காவுக்குச் சொல்லி, அக்கா சொல்வதை மகன் மாமாவுக்குச் சொல்லி, அந்தச் சின்னஞ்சிறுசுகள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத் தனிக் கூட்டம் போட்டுத்தான் பேச வேண்டும்.

இதற்கு நடுவில் பளபளக்கும் செருப்போடு ஒருவர் வந்தார். எந்த வங்கியும் தராத வட்டி, வங்கி தருவதைப் போல் இரண்டு மடங்கு, மாதம் பிறந்தால் கையில் என்றார். வட்டி மாமாவின் கண் அகலமாகும் என்று நாங்கள் பயந்தோம். ஆனால் மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வட்டிய விடுங்க தம்பி. முதலுக்கு யாரு பொறுப்பு?”

வந்தவர் தேநீரைக் குடித்தார், பையை மூடினார், போனவர் போனவர்தான். வட்டியை விரும்பு, முதலை வணங்கு என்று வாழ்கிற மனிதர் எங்கள் மாமா. கைதட்டுங்கள்! கொஞ்சம் மிச்சமும் வையுங்கள், இன்னும் தேவைப்படும்.

சண்டையைத் தீர்க்க மேலாளர் அம்மையாரை அழைத்தோம். அவர் தேநீர் நேரத்தில் வந்து, என் மடிப்பு மேசையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். என்னென்ன வழி உண்டு என்று விளக்கினார். சேமிப்புக் கணக்கு கூப்பிட்ட நொடியில் வரும், வட்டி சொற்பம். குறுகிய கால வைப்பு என்றால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று காத்திருக்க வேண்டும், அதற்குத் தக்க வட்டி உண்டு. ஒரு வருட வைப்புக்கு அன்றைய நிலவரத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அரசாங்கமே சில மாதத் தவணைக்கு வாங்குகிற கடன் பத்திரம் உண்டு. குறைந்த விலைக்கு வாங்கி, தவணை முடிந்ததும் முழு விலையைப் பெறலாம், அந்த வித்தியாசம்தான் வருமானம். லிக்விட் ஃபண்டு என்று ஒன்று, ஓரிரு நாளில் பணமாகும், ஆனால் இவ்வளவுதான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எழுதிக் கொடுக்காதது வேண்டாம் என்று கொதிகலன் அண்ணன் அதை அங்கேயே அணைத்துவிட்டார்.

எல்லாம் கேட்டும் அக்கா அசையவில்லை. தேதி தெரியாத மூட்டைக்குச் சிவப்புதான் என்று நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது அம்மையார் அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்ட கேள்வி, தோழர்களே, இந்தக் கூடத்தின் தலையெழுத்தை மாற்றிய கேள்வி.

“மூட்டைய அப்படியே மெஷின்ல போடுவீங்களாக்கா? பிரிச்சுத்தானே போடுவீங்க?”

பிரிக்காமல் போட்டால் வெள்ளைத் துணியில் சாயம் ஏறும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர் அக்கா அல்லவா? அம்மையார் தொடர்ந்தார். பூட்டிய வைப்பு சிறைச்சாலை இல்லை, அவசரம் என்றால் இடையிலும் உடைக்கலாம், முதல் முழுதாக வரும், வட்டியில்தான் ஒரு பகுதி போகும் என்றார். அதாவது, எதை முதலில் எடுப்போம், எதைக் கடைசியில் தொடுவோம் என்று தெரிந்துகொண்டு பிரித்து வைத்தால் போதும்.

பிரித்தோம்! ஒரு பங்கு கூப்பிட்டதும் வர, சேமிப்புக் கணக்கில். ஒரு பெரும்பங்கு மூன்று மாத வைப்புகளாக, மாதத்துக்கு ஒன்று முதிரும்படி, முதிர்ந்தது திரும்ப வைப்புக்குப் போகும்படி. இன்னொரு பங்கு அரசாங்கப் பத்திரத்தில். கடைசிப் பங்கு மட்டும், மாமாவின் மனம் குளிர, ஒரு வருடத்துக்கு. அந்த ஒரு வருட வைப்பின் மேல் மாமா வைத்த பாசம் இருக்கிறதே, பேரனிடம்கூட அப்படிப் பாசம் காட்டியிருக்க மாட்டார். முதிர்கிற தேதியை வேனின் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஏழு மாதம் போனது. ஒரு காலை முதலாளியம்மா வந்தார். உடம்பு முடியவில்லை, மகன் வீட்டோடு போகிறேன், முழுப் பணத்தோடு ஒருவர் காத்திருக்கிறார், ஆனால் வாக்கு வாக்குத்தான், உங்களுக்குப் பத்து நாள் என்றார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு மட்டும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சேமிப்புக் கணக்குப் பணம் அன்றே வந்தது. அந்த மாதத்து வைப்பு அதே வாரம் முதிர்ந்தது. அரசாங்கப் பத்திரமும் தவணை முடிந்து கைக்கு வந்தது. மற்ற மூன்று மாத வைப்புகளைக் கொஞ்சம் வட்டி இழந்து உடைத்தோம். கூட்டினோம். போதவில்லை. திரும்பக் கூட்டினோம். திரும்பவும் போதவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, மாமாவின் ஒரு வருட வைப்பு. முதிர இன்னும் ஐந்து மாதம்.

யாரும் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நான் அப்போதே சொன்னேன் என்ற மூன்று சொல்லைச் சொல்ல அக்காவுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அக்கா சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்தார். பல மாதங்களுக்குப் பிறகு தன் சம்பந்தியிடம் நேராகப் பேசினார்.

“வாங்க சம்பந்தி, பேங்குக்குப் போலாம். வட்டி போனா போகட்டும், வாசல் போகக் கூடாது.”

வேனில் ஏறுவதற்கு முன் அந்தத் தேதிச் சீட்டை எடுத்தது யார் என்கிறீர்கள்? மாமா இல்லை. அவருக்குக் கை வரவில்லை. அக்காதான் பூப்போல உரித்து, மடித்து, மாமாவின் சட்டைப் பையில் வைத்தார். மாமா அழுதார். நாங்கள் எல்லோரும் அழுதோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வைப்பை உடைத்ததும் வட்டி குறைந்தது, முதல் முழுதாக வந்தது, முன்பணம் எட்டியது. மயிரிழையில் எட்டியது! மீதிக்கு அம்மையாரின் வங்கி கடன் கொடுத்தது. அக்கா சொன்னபடி அத்தனையும் சேமிப்புக் கணக்கில் கிடந்திருந்தால் எட்டியிருக்காது. மாமா சொன்னபடி அத்தனையும் பூட்டி, அத்தனையும் உடைத்திருந்தாலும் எட்டியிருக்காது. அம்மையாரே போட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. இருவரும் சண்டை போட்டதால், இருவரும் விட்டுக் கொடுத்ததால் எட்டியது!

வட்டி என்றால் வெறும் சதவீதமா, தோழர்களே? கூப்பிட்டதும் வந்து நிற்கிற பணத்துக்கு ஒரு மதிப்பு இல்லையா? பொறுத்திருந்து வளர்கிற பணத்துக்கு ஒரு மதிப்பு இல்லையா? தேவை வந்தபோது ஆசையாக வளர்த்ததை உடைத்துக் கொடுக்கிற மனதுக்கு எந்த வங்கி என்ன வட்டி போடும்? எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரிந்தவர்கள் நாம். எப்போது வேண்டும் என்று கேட்கக் கற்றவர்கள் நாம். யாரிடமும் கை நீட்டாமல், எவரையும் நம்பி ஏமாறாமல், நம் உழைப்பை நாமே காத்து நாமே வளர்த்தவர்கள் நாம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வாக்குக் காத்த முதலாளியம்மாவுக்கும், தொண்டையைத் தியாகம் செய்த அம்மையாருக்கும் என் நன்றியைக் குவிக்கிறேன். இத்தனை வருடம் இந்தக் கூடத்துக்கு யார் வந்தாலும், கொஞ்சம் நில்லுங்கள், உள்ளே கேட்டுவிட்டு வருகிறோம் என்று வாசலிலேயே நிறுத்தினோம். கேட்கிற இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். இன்று கூட்டம் முடிந்ததும் யாரும் தெருவோடு போய்விடாதீர்கள். கதவு திறந்திருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி அழைக்கிறேன்: இது எங்கள் இடம், உள்ளே வாருங்கள்!